பம்ப் மேல் விழுந்த பழி: வெயிலில் மட்டும் கிளம்பாத ஒரு கார்

"தம்பி, காலையில எடுத்தா கிளம்புறான். ராத்திரி எடுத்தா கிளம்புறான். மத்தியானம் வெயில்ல நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா மட்டும் அசைய மாட்டேங்கிறான். செல்ஃப் நல்லாத்தான் அடிக்குது. ஆனா ஸ்டார்ட் ஆகல."

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இதைச் சொல்லித்தான் சாவியை என் கையில் கொடுத்தார். கார் 2001 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல் செடான். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்த காலத்து வண்டி. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒரே கை ஓட்டியிருக்கிறது, உட்புறம் இன்னும் புதுசு போல இருந்தது.

என்னிடம் வருவதற்கு முன் இரண்டு முறை ஃபியூயல் பம்ப் மாற்றியாகிவிட்டது. முதல் பம்ப் செப்டம்பர் கடைசியில், இரண்டாவது ஏப்ரலில். இடையில் ஃபில்டர், பிளக், பேட்டரி எல்லாம் புதிது. யாரோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் ஈரத்துணியை நனைத்து டேங்க் மேல் போடச் சொல்லியிருக்கிறார். ஈரத்துணி வைத்தியம் அம்பாசிடர் காலத்தது. இன்ஜின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தபோது, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகும், ஈரத்துணி போட்டால் வண்டி உண்மையிலேயே கிளம்பும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்து, 3 பார் அளவு அழுத்தத்தோடு தள்ளுகிற பம்புக்கு அது பொருந்தாது.

எத்தனாலைப் பற்றித் தனியாகப் பேச விஷயம் உண்டு. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது நல்லதில்லை. ஆனால் காலையில் ஊற்றிய அதே பெட்ரோல் காலையில் எரிந்து, மத்தியானம் எரியாமல், சாயங்காலம் திரும்ப எரிகிறது என்றால் சந்தேகத்தை வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும்.

அவரிடம் ஒரு டைரி இருந்தது. பெட்ரோல் போட்ட நாள், கிலோமீட்டர், காற்றுப் பிடித்த நாள் எல்லாம் பச்சை மையில் எழுதியிருந்தார். வண்டி கிளம்பாத நாட்களையும் குறித்திருந்தார், மொத்தம் 11. ஓரத்தில் நேரமும் இருந்தது. எல்லாமே பகல் 12-க்கும் 4-க்கும் நடுவில். எல்லாமே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறைகூட நின்றதில்லை. அரை மணி நேரம் கதவுகளைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் கிளம்பிவிடும். இவ்வளவு சுத்தமாகக் குறை சொல்லிக்கொண்டு வருகிற வண்டிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த டைரியை அன்றே ஒழுங்காகப் படித்திருந்தால் 9 நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் இந்த வண்டியில் பம்புக்குக் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து மெயின் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அங்கிருந்து தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயர், பின்சீட்டுக்குக் கீழே ஒரு கப்ளர் (வயர்களைக் கழற்றி மாட்டும் இணைப்பு), அப்புறம் டேங்குக்குள் பம்ப். பம்பின் மறுமுனை பாடி எர்த், அதாவது காரின் தகர உடல் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. மெயின் ரிலே என்பது தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டப்பா, ஸ்டீயரிங் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும். அந்த ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலே. ஒன்று ஈசியூவுக்கும் (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) இன்ஜெக்டருக்கும் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) கரண்ட் கொடுக்கும், மற்றது பம்புக்கு. பம்ப் ரிலேயின் காயிலுக்கு (ரிலேயை இழுக்கும் காந்தச் சுருள்) ஒரு பக்கம் 12 வோல்ட் வந்து நிற்கும். மறுபக்கத்தை ஈசியூ எர்த் செய்தால்தான் ரிலே இழுக்கும்.

சாவியை ஆன் செய்ததும் ஈசியூ அந்தக் காயிலை 2 நொடி மட்டும் எர்த் செய்து விட்டுவிடும். பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்தால் அந்த 2 நொடியும் பம்ப் "ம்ம்ம்" என்று முனகுவது கேட்கும். இன்ஜின் சுற்றுகிற சிக்னல் வந்தால்தான் அதற்குப் பிறகு தொடர்ந்து ஓடவிடும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்பும் நிற்க வேண்டும், அறுந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நடுவழியில் நின்ற வண்டியை எடுக்க ரிலேயைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் வயரால் நேரடியாகச் சேர்த்துவிடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சோதனைக்காக ஒரு நிமிடம் செய்யலாம். அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

முதல் நாள் வண்டி என் பட்டறை நிழலில் நின்றது. சொன்னபடியே எந்தக் குறையும் காட்டவில்லை. சாவி போட்டால் முனகல், செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட். சரி, ஓடுகிற வண்டியில் என்ன அளக்க முடியுமோ அதை அளப்போம் என்று பின்சீட்டைத் தூக்கினேன்.

இரண்டு முறையும் பம்ப் மாற்றியவர்கள் கரண்ட் பார்க்காமல் மாற்றவில்லை. கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தார்கள், 12.5 வோல்ட் காட்டியது, வயரிங் நன்றாக இருக்கிறது என்று சார் முன்னாலேயே சொன்னார்களாம். தவறு அங்கேதான். கழற்றிய கப்ளரில் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு மோசமான இணைப்பு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். நூறு இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதே 12.5 தான். ஒருவரும் நடக்காத பாலத்தைப் பார்த்துவிட்டு அது லாரியைத் தாங்கும் என்று சொல்வது போன்றது அது. பம்ப் மாட்டியிருக்க வேண்டும், ஓட வேண்டும், ஓடும்போது கப்ளரின் பின்பக்கத்தில் குண்டூசி செருகி அளக்க வேண்டும். பம்ப் வேண்டாம் என்றால் கப்ளரில் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றை மாட்டலாம். 55 வாட் இழை ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும், பம்ப் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் டேங்க் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யக்கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட். பம்ப் கப்ளரில் 11.3. நடுவில் இரண்டரை வோல்ட் எங்கேயோ போகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்து, மறுமுனையைப் பம்பின் எர்த் வயரில் வைத்தேன். 0.1, கூடினால் 0.2 காட்டவேண்டிய இடத்தில் 1.8. மிச்சம் 0.7 பாசிட்டிவ் பக்கம். ஃபியூஸ் இடத்தில் மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தால் பம்ப் இழுப்பது 4.8 ஆம்பியர். கணக்குப் போட்டால் எர்த் வழியில் 0.38 ஓம் கூடுதல் தடை. சாதாரண மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது, மீட்டர் வயர்களின் தடையே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் 1.8 வோல்ட்டை 4.8 ஆல் பெருக்கினால் எட்டரை வாட்டுக்கு மேல். ஒரு ரிங் டெர்மினலின் அடியில் அவ்வளவு சூடு.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டிக்கியின் இடது பக்க உள்மூலையில், டெயில் லைட்டுக்குக் கீழே, ஒரு 10 எம்எம் போல்ட்டில் முடிந்தது. உறையை விலக்கியதும் பட்டறைப் பையன் சொன்னான், "அண்ணே, இங்க பாருங்க, போல்ட்டே கார் கலர்ல இருக்கு." எப்போதோ பின்பக்கம் டிங்கரிங் செய்தபோது போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துக்கும் பெயின்ட் அடித்து, பெயின்ட் மேலேயே ரிங்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை வருடமும் கரண்ட் போயிருக்கிறது. டெயில் லைட் ரப்பர் விறைத்து மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தது. ரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புது ரிங் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அளந்தால் 0.06 வோல்ட். பம்ப் கப்ளரில் 13.0. முனகல் சத்தமே மாறிவிட்டது, ஒரு சுரம் மேலே போனது.

பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வண்டியைக் கொடுத்து அனுப்பினேன். இந்த இடத்தை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கை எழுதுவதே இதற்காகத்தான். எர்த் குறை உண்மையானது, சரிசெய்தே ஆக வேண்டியது. ஆனால் அது காலையிலும் இருக்கும், ராத்திரியிலும் இருக்கும். அது வெயிலுக்கு மட்டும் வருகிற குறை இல்லை. டைரியில் எழுதியிருந்த 11 நாளில் ஒன்றைக்கூட அது விளக்கவில்லை. அது எனக்கு அப்போதே மனதில் உறுத்தியது. பாசிட்டிவ் பக்கத்து 0.7-ம் உறுத்தியது, அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பையனுக்கு நானே சொல்லிக்கொடுத்தவன். பழைய வண்டி, நீளமான வயர், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பகல் ஒன்றே முக்காலுக்கு போன். "தம்பி, கோவில்பட்டியில நிக்கிறேன். இழுவை முன்ன மாதிரி இல்ல, பிரமாதமா இருக்கு. ஆனா கிளம்பல." இழுவை குறைவாக இருந்தது என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. எர்த் சரியானதும் பம்புக்கு முழு வோல்ட் கிடைத்து அது சரியாகியிருக்கிறது. அதாவது நான் சரிசெய்தது அவர் சொல்லாத குறையை.

போனிலேயே கேட்டேன். "சார், சாவியை ஆன் பண்ணி ரேடியோ, ஏசி எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பின்னாடி சத்தம் வருதான்னு கேளுங்க." வரவில்லை. "இன்ஜின் லைட் எரிஞ்சு 2 செகண்ட்ல அணையுதா?" அணைகிறது. அப்படியென்றால் ஈசியூ விழித்திருக்கிறது, ரிலே டப்பாவின் முதல் பாதி வேலை செய்கிறது. பம்ப் மட்டும் ஊமை. கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உட்காரச் சொன்னேன். 35 நிமிடத்தில் கிளம்பி நேராக என்னிடம் வந்துவிட்டார்.

இப்போது டைரியை நான் கேட்டு வாங்கினேன். வெயில், மூடிய கண்ணாடி, நின்ற வண்டி. ஓடும்போது வராது, ஏனென்றால் சார் ஏசி போடாமல் ஓட்டமாட்டார், டேஷ்போர்டுக்கு அடியிலும் அந்தக் குளிர் இறங்கும். மே மாத மத்தியானத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கதவைத் திறந்துவைத்தால் சரியாகிறது என்பதும் அதைத்தான் சொல்கிறது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் அரை மணி நேரத்தில் குளிராது, காருக்குள் இருக்கும் காற்று குளிரும். சூடேறுகிற பொருள் டேங்கில் இல்லை, ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே இருக்கிறது.

மாதங்களையும் பார்த்தேன். முதல் பம்ப் செப்டம்பர் கடைசியில் மாற்றியது, அடுத்த மாதமே ஐப்பசி மழை. பிறகு மார்ச் வரை ஒரு குறிப்பும் இல்லை. இரண்டாவது பம்ப் மாற்றிய வாரத்தில் கோடை மழை இரண்டு நாள் பெய்ததாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் வண்டியைச் சரிசெய்தது மழை, பேர் வாங்கியது பம்ப்.

அடுத்த வேலை, குறையை என் கண்முன்னால் வரவைப்பது. வீட்டிலிருந்து மகளின் ஹேர் டிரையரை எடுத்துவரச் சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில் ரிலே டப்பாவுக்கு மட்டும் மிதமான சூட்டில் காற்று கொடுத்தேன். ஒவ்வொரு நிமிடமும் பையன் சாவியை ஆன் செய்து ஆஃப் செய்தான். முனகல், முனகல், முனகல். ஏழாவது நிமிடம் சத்தம் இல்லை.

அந்த நிலையிலேயே அளந்தேன், ஏனென்றால் குறை கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். ரிலேக்கு வருகிற பெரிய வயரில் 12.4 வோல்ட் இருக்கிறது. பம்புக்குப் போகிற வயரில் பூஜ்யம். காயிலின் வரவு முனையில் 12.3 இருக்கிறது. ஈசியூ எர்த் செய்கிற முனையைத்தான் கவனமாகப் பார்த்தேன். நல்ல ரிலேயில் சாவி போட்டதும் இந்த வயர் 2 நொடி பூஜ்யத்துக்கு இறங்கி, ஈசியூ விட்டதும் காயில் வழியாகத் திரும்ப 12-க்கு ஏறும். இங்கே அது ஏறவே இல்லை. 2 நொடி கழிந்தும் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. காயிலின் ஒரு பக்கம் 12 வோல்ட் நிற்கிறது, மறுபக்கத்துக்கு வரவில்லை என்றால் நடுவில் அறுந்திருக்கிறது. ஈசியூ, வயரிங், பம்ப் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு அளவு விடுதலை கொடுத்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டப்பாவை லேசாகத் தட்டினேன். உள்ளே "டிக்". அடுத்த முறை சாவி போட்டதும் பம்ப் முனகியது.

டப்பாவின் பிளாஸ்டிக் உறை இரண்டு கொக்கியில் நிற்கும், நெம்பினால் வந்துவிடும். உள்ளே பழுப்பு நிறப் போர்டு, மேலே இரண்டு ரிலே, அடியில் ஈயப் பற்றுகள். வெறும் கண்ணுக்கு எல்லாம் பளபளப்பாகத்தான் தெரிந்தது. வாட்ச் ரிப்பேர் லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பம்ப் ரிலேயின் காயில் முனையைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம். முனை நடுவில் நிற்கிறது, ஈயம் சுற்றி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் முழுவட்டமாக வெடிப்பு. குண்டூசியால் முனையைத் தொட்டதும் அது அசைந்தது, ஈயம் அசையவில்லை. பக்கத்தில் பம்புக்குக் கரண்ட் எடுத்துப்போகிற தடித்த காலிலும் பாதி வட்டத்துக்கு அதே வளையம். நான் விட்டுவைத்த 0.7 வோல்ட்டின் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. லென்ஸை சார் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா தம்பி?" என்றார்.

இவ்வளவுதான். பித்தளை முனை ஒரு அளவு விரியும், ஈயம் வேறு அளவு விரியும், போர்டு இன்னொரு அளவு விரியும். காலையில் குளிர்ந்து, மத்தியானம் சுட்டு, ராத்திரி திரும்பக் குளிர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் தினமும் ஒரு இழுபறி. இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல ஈயம் களைத்துப்போய் வெடிக்கும். குளிர்ந்திருக்கும்போது வெடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், சூடானால் விலகும். அதோடு சூட்டில் காயிலின் செம்புக் கம்பியின் தடையும் கூடும், 50 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 20 சதவீதம். இழுக்கும் பலம் குறைகிற நேரத்தில்தான் இணைப்பும் விலகுகிறது. 1990-களிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் வந்த பல கார்களின் ரிலேக்கள் இப்படித்தான் வயசாகின்றன. சூட்டில் கிளம்பாத பழைய வண்டியைப் பார்த்தால் பம்பை இறக்குவதற்கு முன் இதைத் திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை.

பழைய ஈயத்தைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்து, முனைகளைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, புதிதாகப் பற்றவைத்தேன். பழைய ஈயத்தை அப்படியே உருக்கிவிடுவதும் ஓடும், ஆனால் வெடிப்புக்குள் படிந்த கறை உள்ளேயே தங்கிவிடும், ஒரு வருடத்தில் திரும்ப வரும். பற்றிய பிறகு 20 நிமிடம் ஹேர் டிரையர் கொடுத்தோம். ஒருமுறைகூடத் தவறவில்லை. பாசிட்டிவ் பக்கம் 0.7 இருந்தது 0.3 ஆனது, பம்ப் கப்ளரில் 13.4.

இருந்தாலும் 70 வயது தாண்டியவர், மனைவியையும் வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகிறவர். புது ரிலே வரவழைத்து மாட்டினேன், பற்றவைத்ததை உதிரியாக டேஷ்போர்டு அறையில் வைத்தேன். எந்தக் கப்ளர், எந்த போல்ட், எப்படி மாற்றுவது என்று சொல்லச்சொல்ல அவர் டைரியில் படம் போட்டு எழுதிக்கொண்டார். ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொன்னேன்: டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டாதீர்கள், பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் குளிர்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கத்திரி முழுவதும் ஓட்டினார். வேண்டுமென்றே ஒன்றரை மணிக்கு, கண்ணாடி ஏற்றி, நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திச் சோதித்ததாகவும் போனில் சொன்னார். பச்சை மைக் குறிப்பு 12-க்குப் பிறகு நீளவில்லை.

ஜூனில் சர்வீஸுக்கு வந்தபோது டிக்கியில் தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. செப்டம்பரில் முதலில் கழற்றிய பம்ப், வண்டியோடு வந்த அசல். பெட்ரோல் வாடைகூட இல்லாமல் காய்ந்திருந்தது. பட்டறைக்கு வெளியே திறந்தவெளியில் வைத்து, ஒரே ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்தேன். அழுத்தம் சரியாகத் தருமா என்பது ஒரு நொடியில் தெரியாது. ஆனால் கையில் ஒரு உதறலோடு உடனே சுற்றியது. சார் அதை வாங்கி, அதே தினத்தாளில் சுற்றி, திரும்ப டிக்கியில் வைத்தார்.